மூன்று சீசனாக வெறுங்கை: எல்க் வேட்டையைக் கற்க எதில் காசும் நேரமும் போடுவது?

ஊசியிலை (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மூன்று வருடமாக எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறேன். மூன்று முறையும் இரண்டாவது ரைஃபிள் சீசன், அதாவது அக்டோபர் கடைசி. பிளாட் டாப்ஸ் பக்கம், ஒயிட் ரிவர் தேசிய வனத்தில், பொது நிலத்தில் மட்டும். அலுவலக நண்பர் ஒருவர் கூட வருவார். அவரும் என்னைப் போலவே புதியவர்தான், எனவே சொல்லித்தர ஆள் கிடையாது.

முதல் வருடம் ஒரு எல்க்கைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் எதிர்ச்சரிவில் எட்டு பெண் எல்க்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. போன வருடம் நடந்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. காலை ஒன்பதரை இருக்கும். ஆஸ்பென் தோப்பின் ஓரத்தில், 150 கஜ தூரத்தில் ஓர் ஆண் எல்க். எங்கள் யூனிட்டில் (வேட்டைக்காகப் பிரித்த பகுதி) ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளை இருக்க வேண்டும், அல்லது புருவக் கிளை (கொம்பின் அடியில் பிரியும் கிளை) ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது விதி. பைனாகுலரில் எண்ணிக்கொண்டிருந்தேன். சட்டென்று தலையை நிமிர்த்தி மூக்கை என் பக்கம் திருப்பியது. அவ்வளவுதான். சுள்ளிகள் முறிகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

இதுவரை கற்க என்னவெல்லாம் செய்தேன் என்றால்: இரண்டு இணைய வகுப்புகளுக்குப் பணம் கட்டினேன். இரண்டுமே பெரும்பாலும் எல்க் போலக் குரல் கொடுப்பது பற்றியவை. வாய்க்குள் ரீட் வைத்து ஊதப் பழகி, இப்போது பெண் எல்க் குரலும் குட்டியின் குரலும் ஓரளவு வருகிறது, பியூகிள் என்கிற ஆண் எல்க்கின் கூவலும் வருகிறது. பாட்காஸ்ட் நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்டிருப்பேன். வீடியோக்களுக்குக் கணக்கே இல்லை. ஒருவர் சேற்றுக்குழி அருகே அசையாமல் உட்காரச் சொல்கிறார், இன்னொருவர் ஒரு நாளைக்குப் பத்து மைல் நடக்கச் சொல்கிறார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது.

இந்த வருடம் ஒரே ஒரு விஷயத்தில்தான் காசு போட முடியும். மூன்றாவதாக ஒரு வகுப்பு எடுப்பதா? ஐந்து நாளுக்கு ஒரு கைடு வைத்துக்கொள்வதா? வரைபடச் செயலிக்குச் சந்தா கட்டுவதா? இல்லை, நல்ல புத்தகம் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாம்பல் கழுகு

நண்பரே, ஊதப் பழகிவிட்டீர்கள் அல்லவா, அதை வீணாக்காதீர்கள். நீங்கள் மாற்ற வேண்டியது வகுப்பை அல்ல, சீசனை. செப்டம்பரில் வில்லோடு போங்கள். அவை இணைசேரும் காலம் அது. விடியும் முன்பே மலை முழுவதும் பியூகிள் சத்தம் கேட்கும், எங்கே இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். ஒரு மாலை நேரத்தில் நான் கொடுத்த பெண் குரலுக்கு 400 கஜத்திலிருந்து ஓர் ஆண் எல்க் 20 கஜம் வரை நடந்து வந்தது. அம்பு விடக் கை நடுங்கிவிட்டது. அந்த அனுபவத்துக்காகவே குரல் வகுப்பு எடுக்கலாம் என்பேன்.

வில்லில் குறி பழக மட்டும் குறைந்தது ஒரு வருடம் ஒதுக்குங்கள். 40 கஜத்துக்குள் போக முடியாவிட்டால் அம்பு விடக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன்.

வடசரிவு

ஊசியிலை, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பதினொரு வருடமாக இந்த மாநிலத்தில் எல்க் வேட்டை ஆடுகிறேன். முதல் நான்கு வருடம் எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மனம் தளர வேண்டாம். கொலராடோவில் எல்க் டேக் (ஒரு எல்க்கை எடுக்க அனுமதிக்கும் உரிமச்சீட்டு) வாங்குபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள். யூனிட் வாரியாக எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று மாநில வனவிலங்குத் துறை ஒவ்வொரு வருடமும் அறிக்கை வெளியிடுகிறது. உங்கள் யூனிட்டின் எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் உங்களை நீங்களே மதிப்பிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கையில் இருப்பது அக்டோபர் கடைசிக்கான டேக். நீங்கள் காசு கட்டிக் கற்றது செப்டம்பர் வேட்டை. கோளாறு இதுதான், உங்கள் உழைப்பில் குறையில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் ஆண் எல்க் குரலுக்கு மயங்கும். நீங்கள் மலையேறும்போது அந்தப் பருவம் முடிந்து, ஒரு மாதமாகச் சரியாகத் தின்னாமல், சண்டை போட்டு, எடை இழந்து ஓய்ந்திருக்கும். கூட்டத்தை விட்டு விலகித் தனியாகவோ, இன்னும் ஒன்றிரண்டு ஆண்களோடோ, தீனியும் மறைவும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இடமாகப் பார்த்து ஒதுங்கிவிடும். சீசன் தொடங்கிய முதல் காலையில் ஆரஞ்சு உடுப்பில் நாற்பது பேர் பாதையில் ஏறினால் இன்னும் உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் பியூகிள் ஊதினால் வருவது பெரும்பாலும் இன்னொரு வேட்டைக்காரர்தான். அது ஆபத்தும்கூட.

எனவே எந்தப் பாடமானாலும், வீடியோவோ வகுப்போ புத்தகமோ, நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சொல்பவர் எந்தத் தேதியில், எந்த ஆயுதத்தோடு, யாருடைய நிலத்தில், எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் வேட்டை ஆடியதைச் சொல்கிறார்? பலர் இதைச் சொல்லவே மாட்டார்கள். அப்போது பின்னணியைப் பாருங்கள். ஆஸ்பென் இலை பச்சையாக இருந்தால் செப்டம்பர் தொடக்கம். தகதகவென்று மஞ்சளாக இருந்தால் செப்டம்பர் கடைசி. வெள்ளைத் தண்டு மட்டும் மொட்டையாக நின்றால் அதுதான் உங்கள் சீசன். மூன்று நாள் எடுத்த படத்தில் வேறொரு மனிதர்கூடக் கண்ணில் படவில்லை என்றால் தனியார் பண்ணையாக இருக்க வாய்ப்பு அதிகம். யாரும் துரத்தாத இடத்தில் எல்க் நடந்துகொள்கிற விதமே வேறு. இப்படிச் சலித்துப் பார்த்தால் நீங்கள் கேட்ட நூறு மணி நேரத்தில் உங்களுக்குப் பொருந்துவது பத்து மணி நேரம் தேறும். ஒருவர் உட்காரச் சொன்னதும் இன்னொருவர் நடக்கச் சொன்னதும் ஏன் என்றும் புரிந்துவிடும். முன்னவர் வெயில் கொளுத்தும் செப்டம்பர் முதல் வாரத்தைப் பற்றிப் பேசியிருப்பார்.

நீங்கள் கேட்ட நான்கில் எனக்கு எது முதலில் என்றால், நான்குமே இல்லை. முதலில் இலவசமாகக் கிடைப்பதை முழுக்கப் படியுங்கள். கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் தளத்தில் எல்க் ஹன்டிங் யூனிவர்சிட்டி என்று ஒரு கட்டுரைத் தொடர் இருக்கிறது. இந்த மாநிலத்து எல்க், இந்த மாநிலத்து விதி, இந்த மாநிலத்துச் சீசன் என்று பொருத்தமாக எழுதியிருப்பார்கள். அதே துறையின் ஹன்டிங் அட்லஸ் வரைபடத்தில் எல்க் கோடையில் எங்கே, குளிர்காலத்தில் எங்கே இருக்கும் என்று நிறம் தீட்டிக் காட்டியிருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் அவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மேலேயோ கீழேயோ தேட வேண்டும்.

புத்தகம் கேட்டீர்கள். வேட்டைப் புத்தகங்களைவிட எனக்கு அதிகம் உதவியது ஓலஸ் மியூரி எழுதி 1951-ல் வந்த 'த எல்க் ஆஃப் நார்த் அமெரிக்கா'. 1927-ல் எல்க்கை ஆராய்வதற்காகவே வயோமிங்கின் ஜாக்சன் ஹோலுக்கு அரசு அனுப்பிய உயிரியலாளர் அவர். குரல் கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல் இல்லை இது. எல்க் எந்தப் பருவத்தில் எதைத் தின்னும், எப்போது மலையை விட்டு இறங்கும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போவார். விலங்கு ஏன் அங்கே நிற்கிறது என்று புரிந்தால், அங்கே இல்லாதபோது அடுத்து எங்கே தேடுவது என்று நாமே யோசிக்க முடியும். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வரைபடம். தனியார் நிலத்தின் எல்லை தெரிய ஒரு செயலி வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் செயலியை வாங்குவது வேறு, வரைபடத்தைப் படிப்பது வேறு. நான் பழகியது யு.எஸ்.ஜி.எஸ். என்ற அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் காகித வரைபடத்தில், 24,000-க்கு ஒன்று என்ற அளவில். மலைப்பகுதித் தாள்களில் பெரும்பாலும் 40 அடிக்கு ஒரு சமஉயரக் கோடு இருக்கும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு. நெருக்கமாக வந்துகொண்டிருந்தவை திடீரென்று விலகி, மறுபடி நெருங்கினால் அங்கே சரிவின் நடுவில் ஒரு திண்ணை இருக்கிறது என்று அர்த்தம். வடக்கு பார்த்த சரிவில், அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள், அப்படி ஒரு திண்ணை இருந்தால் பென்சிலால் வட்டம் போடுவேன். பகலில் எல்க் படுத்துக்கிடக்கப் பிடித்த இடம் அது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இருபது வட்டம் போடுங்கள். ஜூலையிலோ ஆகஸ்டிலோ போய் அதில் ஐந்தையாவது காலால் நடந்து பாருங்கள். படுத்த பள்ளம், புழுக்கை, கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம், தேய்ந்த தடம் ஏதாவது இருக்கிறதா? எந்த வட்டம் சரி, எது தப்பு என்று மலையே சொல்லும். இரண்டே கோடையில் எனக்குக் கண் பழகிவிட்டது.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போன வருடம் அந்த ஆண் எல்க் உங்களைக் கண்ணால் பார்க்கவில்லை, மோப்பம் பிடித்தது என்று நினைக்கிறேன். காலையில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் கீழே இறங்கும். வெயில் சரிவைச் சுட வைத்ததும் அதே காற்று திரும்பி மேலே ஏறும். மாலையில் மறுபடி இறங்கும். புத்தகத்தில் இது இரண்டு வரி. எனக்குப் புரிந்தது ஒரு பஞ்சால்தான். நம் எருக்கஞ்செடிக்கு உறவான மில்க்வீட் என்ற செடியின் காயில் பட்டுப் போன்ற பஞ்சு இருக்கும். ஒரு சின்ன டப்பாவில் அடைத்து இடுப்பில் வைத்திருப்பேன். ஓர் இழையை விட்டால் 50 கஜம் வரை கண்ணுக்குத் தெரியும்படி மிதந்து போகும். ஒரு காலையில் பாறை ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஓர் இழையாக விட்டுக்கொண்டே இருந்தேன். எட்டரை மணி வரை எல்லாம் கீழே போயின. ஒன்பது தாண்டியதும் ஓர் இழை இருபது அடி இறங்கி, அந்தரத்தில் நின்று, தட்டாமாலை போல ஒரு சுற்றுச் சுற்றி, என் முகத்தை உரசிக்கொண்டு மேலே போயிற்று. அந்த நொடியில் என் வாசனையும் அதன் பின்னாலேயே போகிறது என்று உடம்பில் உறைத்தது. அந்த நேரத்தை நோட்டில் குறித்தேன்.

ஆமாம், நோட்டு. இதைத்தான் உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். மூன்று சீசனில் எத்தனை முறை எல்க்கை நெருங்கினீர்கள், ஒவ்வொன்றும் எப்படிக் கைநழுவியது, மணி என்ன, காற்று எந்தப் பக்கம், நீங்கள் அதற்கு மேலே நின்றீர்களா கீழேயா, எழுதி வைத்திருக்கிறீர்களா? என் முதல் நான்கு வருட நோட்டைப் புரட்டியபோது எல்க் என்னை முந்திக்கொண்ட ஒன்பது சந்தர்ப்பங்கள் இருந்தன. ஏழில் காற்று. ஒன்றில் நான் வானத்தின் பின்னணியில் மேட்டு விளிம்பில் நின்றது. மற்றொன்றில் எனக்கே காரணம் தெரியவில்லை. குரல் சரியில்லாததால் போனது ஒன்றுகூட இல்லை. அன்றோடு குரல் வகுப்புகளை நிறுத்திவிட்டேன். உங்கள் ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு அதை அடைக்கிற பாடத்தைத் தேடுங்கள்.

கைடு பற்றி. காசு அதிகம். எல்க் கிடைக்கலாம், ஆனால் பாடம் கிடைக்குமா என்பது அவர் கையில். வைப்பதென்றால் மாநிலத்தில் முறைப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே வருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் ஒருமுறை போனவர் நல்ல உழைப்பாளி, ஆனால் ஐந்து நாளும் "வாங்க, இங்கே உட்காருங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முடிந்தால் அடுத்த வருடம் பெண் எல்க் டேக்குக்கு விண்ணப்பியுங்கள், ஏப்ரல் தொடக்கத்தில் கடைசித் தேதி வரும். கொம்பை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கூட்டமாக இருப்பதால் கண்டுபிடிப்பதும் சற்று எளிது. நெருங்குவது, சுடுவது, அறுப்பது, தூக்குவது என்று முழு வேட்டையையும் ஒருமுறை அனுபவித்துவிட்டால் வேறு எதிலும் கிடைக்காத தெளிவு வரும்.

சாம்பல் கழுகு சொன்ன செப்டம்பர் வேட்டை அருமையானது, சந்தேகமே இல்லை. ஆனால் வில் என்பது புதிதாக ஒரு வித்தை. காற்றில் தோற்பவர் வில்லோடு போனால் இன்னும் நெருங்க வேண்டியிருக்கும், இன்னும் சீக்கிரம் தோற்பார்.

மரத்தடி

இடையில் ஒரு முக்கியமான விஷயம், விசாவில் இருக்கும் நண்பர்களுக்காக. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதனால் வரிசை முக்கியம். ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பாதுகாப்புப் பாடம் முதலில் (கொலராடோவில் 1949 ஜனவரி 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம்), உரிமம் அடுத்து, துப்பாக்கியைத் தொடுவது அதற்கும் அப்புறம். உரிமம் காலாவதியாகும் தேதியையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், இதில் ஊகத்துக்கு இடம் வேண்டாம். அந்தப் பாடத்தை இணையத்தில் முடிக்கலாம் என்றாலும், நேரில் உட்கார்ந்து படித்ததில்தான் எனக்கு வேட்டைத் துணை ஒருவர் கிடைத்தார்.

பனிப்பூ

வடசரிவு அண்ணா சொன்ன "முழு வேட்டை" பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் என் டேக்கில் எல்க் எடுப்பதற்கு முன் மூன்று பேருடைய எல்க்கைச் சுமக்கப் போனேன். யாருக்காவது கிடைத்துவிட்டால் கூப்பிடுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சுமக்க ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் தடவை மாலை ஐந்து மணிக்குத் தகவல் வந்தது. போய்ச் சேர்ந்தபோது இருட்டு, தலையில் விளக்கு. வயிற்றைக் கிழிக்காமல் ஒரு பக்கத்துத் தோலை உரித்து, முன்காலை எடுத்து, பின்தொடையை எடுத்து, முதுகுத் தசையை உருவி, அப்புறம் மறுபக்கம் புரட்டுவார்கள். இதை வீடியோவில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் பின்தொடைக்குள் இடுப்பு மூட்டருகே கையை வைத்தபோதுதான் அந்தச் சூடு தெரிந்தது. வெளியே விரல் மரத்துப்போகிற குளிர், உள்ளே அடுப்படி போலக் கதகதப்பு. கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும் என்று கூட இருந்தவர் சொல்லி, தொடையைத் துணிப்பையில் போட்டு, நாலு பக்கமும் காற்றுப் படும்படி கிளையில் கட்டித் தொங்கவிட்டார். எலும்போடு ஒரு பின்தொடை 60, 70 பவுண்டு வரும். இரண்டு மைல் அதைச் சுமந்து இறங்கிய பிறகு, சாலையிலிருந்து எத்தனை மைல் தள்ளிச் சுடலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளத்தை இறைச்சியோடு இயற்கையாக ஒட்டியபடி விட வேண்டும் என்ற விதியையும் அன்றுதான் கண்ணால் பார்த்துக் கற்றேன்.

இன்னொன்று. செப்டம்பர் கடைசியில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குப் போய், மொரைன் பார்க் புல்வெளி ஓரத்தில் சாலையில் நின்று எல்க்கைப் பாருங்கள். அங்கே வேட்டை கிடையாது, குரல் கொடுப்பதும் தடை, மாலையில் புல்வெளிக்குள் இறங்கவும் விட மாட்டார்கள். சும்மா பார்ப்பதுதான். எல்க் சந்தேகப்படும்போது காது எப்படி நிற்கிறது, நிம்மதியாக மேயும்போது எப்படி இருக்கிறது, கூட்டத்தில் முதலில் தலை தூக்குவது எது என்று மூன்று மணி நேரம் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு கிழட்டுப் பெண் எல்க்தான் முதலில் தூக்கியது. காட்டில் அந்தப் பார்வை எத்தனையோ முறை உதவியிருக்கிறது.

ஊசியிலை

எல்லோருக்கும் நன்றி. நோட்டு எதுவும் வைத்திருக்கவில்லை. நேற்று இரவு நண்பரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, மூன்று வருடத்தையும் நினைவிலிருந்து எழுதினோம். வடசரிவு அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: கீழே நின்றேன். இருட்டிலேயே ஓடையிலிருந்து ஏறினோம். அதுவரை காற்று முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. வெயில் தோப்புக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் கொம்பை எண்ணிக்கொண்டிருந்தேன், காற்று திரும்பியதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் வருடம் பகலில் பார்த்த படுக்கைப் பள்ளங்களும் வடக்குச் சரிவில்தான் இருந்தன. அப்போது அது ஒரு தகவலாகவே தோன்றவில்லை.

மூன்றாவது வகுப்பை எடுக்கவில்லை. வரைபடத் தாள்கள் இரண்டு வாங்கியாகிவிட்டது. பெண் எல்க் டேக்குக்கு விண்ணப்பிக்கிறேன். மில்க்வீட் பஞ்சு எப்போது கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வடசரிவு

கோடை முடியும்போது சாலையோரக் கால்வாய்க் கரைகளில் பாருங்கள். காய் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் அதன் பொருத்து பிளக்கிற பதத்தில் பறிக்க வேண்டும். பச்சையாகப் பறித்தால் பஞ்சு ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். விதையைக் கையில் எடுத்துவிட்டு அங்கேயே உதிர்த்துவிடுங்கள், மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்தச் செடியைத் தவிர வேறு உணவு கிடையாது. இரண்டு காய் இருந்தால் ஒரு சீசனுக்குப் போதும்.

அப்புறம், உங்கள் வரைபடத்தில் வட்டம் போட்டதும் யூனிட் பெயரை மறைத்துவிட்டு எனக்குத் தனிச் செய்தியில் படம் அனுப்புங்கள். எந்தத் திண்ணைக்குக் காலையில் கீழிருந்து போகக் கூடாது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.